பாரின் நுனி பட்ட கிளை: ஒரு செயின்சா விபத்தின் முழு ஆய்வு

காயம்பட்டவருக்கு வயது 44. செயின்சா அவருக்குப் புதிதல்ல. விறகு, வேலிக்கால், காற்றில் சாய்ந்த மரம் என்று பல வருடமாகத் தன் தேவைக்கு அறுத்துவந்தவர். கூலிக்கு மரம் வெட்டுபவர் இல்லை. முறையான பயிற்சி எதுவும் எடுத்ததும் இல்லை. புயல் கடந்த மறுநாள், பாதையின் குறுக்கே விழுந்துகிடந்த ஒரு பெரிய மரத்தை அப்புறப்படுத்த அக்கா மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். காலையில் ஆரம்பித்த வேலை. மதியத்துக்குச் சற்று முன்னால், கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது ரம்பம் எகிறித் திரும்பி அவருடைய இடது தோளில் இறங்கியது. காறை எலும்பின் ஓரத்தில் தொடங்கி மேற்கைவரை போன வெட்டு. எலும்பு முறியவில்லை, பெரிய ரத்தக்குழாய் தப்பியது. தசை ஆழமாகக் கிழிந்துவிட்டது.

பெயரும் இடமும் இங்கே தேவையில்லை. அவரிடமும் உடன் இருந்த பையனிடமும் தனித்தனியாகப் பேசினேன். ரம்பத்தைக் கழற்றிப் பார்த்தேன். பாதி வெட்டுப்பட்ட கிளைகள் அப்படியே கிடந்ததால் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) எங்கே நுழைந்தது, நுனி எதில் பட்டது என்பதையும் பார்க்க முடிந்தது.

இருவரும் முதலில் சொன்னது ஒன்றேதான்: “எல்லாம் ஒரு நொடியில முடிஞ்சுபோச்சு.” உண்மையில் ஒரு நொடிகூட ஆகியிருக்காது. ரம்பம் எகிறுவது ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, கை அசைவதற்கு நல்ல சுறுசுறுப்பான ஆளுக்கே அதைப்போல இரண்டு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே அந்தக் கணத்தில் அவர் செய்திருக்கக்கூடியது எதுவுமே இல்லை. “கவனமா இருந்திருக்கணும்” என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். கவனம் அவரிடம் குறையவில்லை. எகிறினால் என்ன ஆகும் என்பது அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலேயே, ஒவ்வொன்றாக, முடிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. நான் பார்க்க விரும்பியது அந்த இரண்டு மணி நேரத்தை.

அன்று காலை

ரம்பம் 45 சிசி பெட்ரோல் எஞ்சின், 18 அங்குல பார். இந்த வேலைக்குப் போதுமான இயந்திரம்தான். அவர் அணிந்திருந்தது சாதாரண பேன்ட், அரைக்கை டி-ஷர்ட், ரப்பர் செருப்புக்குப் பதிலாக ஷூ, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. தலைக்கவசம் இல்லை, காதுக்கு எதுவும் இல்லை, கையுறை இல்லை.

முதலில் அடிமரத்தை எடுத்திருக்கிறார்கள். அது பாதையோரப் பள்ளத்தின் இரு கரையிலும் படிந்து, நடுவில் அந்தரத்தில் நின்றது. மேலிருந்து நேராக அறுத்துக்கொண்டே போனார். பாதிக்கு மேல் இறங்கியதும் வெட்டு வாய் மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கழியால் நெம்பி, இழுத்து, ஆட்டி, அரை மணி நேரம் போராடி வெளியே எடுத்தார்கள். மறுபடி வேறு இடத்தில் வெட்டி முடித்தபோது மரம் சட்டென்று இறங்க, ஓடிக்கொண்டிருந்த செயின் மண்ணில் பாய்ந்தது. அதன் பிறகு ரம்பம் அறுக்கவில்லை, தேய்த்தது. அவரே சொன்னார்: “சிராய் வரல, மாவு மாதிரி தூள்தான் வந்துச்சு.” அடிமரத்தின் மேல் உட்கார்ந்து உருண்டை அரத்தால் அவசரமாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு, தலைப்பகுதிக்குப் போனார்கள்.

அங்கே தொடை கனத்தில் ஒரு கிளை. அதன் பின்னால் இலைக்கொத்துக்குள் மறைந்தபடி முன்கை கனத்தில் இன்னொன்று. அவர் முதல் கிளையை மட்டும் பார்த்தார். மழுங்கின செயின் என்பதால் முன்னோக்கி அழுத்திக்கொண்டே அறுத்தார். எதிர்ப்பக்கம் நின்ற பையனுக்கு நுனி வெளியே வந்து இரண்டாவது கிளையை நெருங்குவது தெரிந்தது. “மாமா, அந்தப் பக்கம் இடிக்குது!” என்று கத்தினான். பெட்ரோல் ரம்பம் முழு வேகத்தில் 100 டெசிபலைத் தாண்டி இரையும். அவன் கத்தியது அவனுக்கே கேட்டிருக்காது.

நுனியில் நடப்பது

செயின், பாரின் மேல்விளிம்பில் எஞ்சினிலிருந்து நுனியை நோக்கி ஓடும். நுனியில் வளைந்து, கீழ்விளிம்பில் எஞ்சினை நோக்கித் திரும்பும். முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். கீழ்விளிம்பால் அறுத்தால் மரம் ரம்பத்தைத் தன் பக்கம் இழுக்கும். மேல்விளிம்பால் அறுத்தால் ரம்பம் நம் பக்கம் தள்ளும். இந்த இரண்டும் நேர்கோட்டில் வரும் விசைகள். கால் ஊன்றி நின்று பழகியவர் தாங்கிவிடலாம்.

நுனி வளைவின் மேல் கால்வாசிப் பகுதி அப்படியில்லை. அங்கே பல் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் ஓடுகிறது. அந்த இடத்தில் ஏதாவது தடுத்தால், செயினை ஓட்டிய எஞ்சின் விசை முழுக்க பாரின் மேல் திரும்புகிறது. பார் மேலே, பின்னே, ஒரு வட்டப் பாதையில் அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் தோளையும் நோக்கி வருகிறது. கிக்பேக் என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, அது நம் நிகழ்வுக்கு முக்கியம். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். ரேக்கர் என்பார்கள். பல் ஒரு முறையில் எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்பதை அந்த மேட்டின் உயரம்தான் கட்டுப்படுத்துகிறது. பல்லின் முனைக்கும் மேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலான செயின்களில் 0.65 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். நேரான பாரில் ஓடும்போது இந்தக் கணக்கு சரியாக நிற்கும். நுனியில் வளையும்போது பல் சாய்வதால் இடைவெளி கூடிவிடுகிறது. பல் அளவுக்கு மீறிக் கடிக்கிறது. சரியான செயினிலேயே நுனி ஆபத்தான இடமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அவருடைய செயினை அளந்து பார்த்தேன். பல மேடுகள் பல்லின் முனையைவிட 1 மில்லிமீட்டருக்கும் அதிகமாகக் கீழே இறங்கியிருந்தன. சில வாரம் முன்பு வீட்டில் வைத்து தட்டை அரத்தால் அவரே தேய்த்திருக்கிறார், “நல்லா இழுத்து அறுக்கும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு. அது உண்மைதான், இழுத்து அறுக்கும். கூடவே ரம்பம் அதிரும், குதிக்கும், நுனி எதிலாவது பட்டால் இன்னும் ஆழமாகக் கடித்து இன்னும் வலுவாக எகிறும். செயின் விற்பவர்கள் தரும் அளவுத் தகடு ஒன்று உண்டு. அதைப் பல்லின் மேல் வைத்தால் எவ்வளவு தேய்க்கலாம் என்பது வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். அது இல்லாமல் ரேக்கரில் அரம் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த விபத்தில் ஒரே ஒரு காரணத்தைக் காட்டு என்றால் இதைத்தான் முதலில் காட்டுவேன், ஏனென்றால் இது அன்றைய சூழ்நிலையோடு சம்பந்தமில்லாமல், பல நாள் யோசித்துத் திருத்த நேரம் இருந்தும் அப்படியே விடப்பட்டது.

பிரேக் இருந்தது, நிற்கவில்லை

முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பைப் பலர் கையைக் காக்கும் கவசம் என்று மட்டும் நினைக்கிறார்கள். அதுதான் செயின் பிரேக்கின் நெம்பு. முன்னால் தள்ளப்பட்டால், உள்ளே ஒரு எஃகுப் பட்டை, செயினைச் சுழற்றும் கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடித்து, செயினை நொடியின் சிறு பகுதிக்குள் நிறுத்தும். அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலுக்கான பாதுகாப்பு விதி, 1995 பிப்ரவரி 9க்குப் பிறகு பணிக்கு வரும் ஒவ்வொரு செயின்சாவிலும் இந்த பிரேக் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அவ்வளவு அடிப்படையான பாகம்.

இது இரண்டு வழியில் இயங்கும். ஒன்று, ரம்பம் எகிறும்போது இடது மணிக்கட்டு தடுப்பில் மோதித் தள்ளுவது. இன்னொன்று, எகிறும் வேகத்தில் தடுப்பு தன் எடையால் பின்தங்கித் தானாகவே விழுவது.

முதல் வழி அன்று வேலை செய்யவில்லை. காரணம் கட்டைவிரல். அவர் முன்கைப்பிடியில் நாலு விரலோடு சேர்த்துக் கட்டைவிரலையும் ஒரே பக்கமாக மேலே வைத்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர். நான் வெறும் ரம்பத்தைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னபோதும் அப்படியேதான் பிடித்தார். கட்டைவிரல் கைப்பிடியைக் கீழிருந்து சுற்றி மற்ற விரல்களைச் சந்தித்தால்தான் பிடி பூட்டிக்கொள்ளும். அப்போது ரம்பம் எகிறினால் கை அதோடு போகும், கைப்பிடியைச் சுற்றித் திரும்பும் மணிக்கட்டு தடுப்பில் மோதும். கட்டைவிரல் மேலே இருந்தால் கை கழன்றுவிடும். அவருக்குக் கழன்றது. கழன்ற கை மோதுவதற்குத் தடுப்பு அங்கே இல்லை, அது ஏற்கெனவே தோள் உயரத்துக்குப் போய்விட்டது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்களும் இடது கையை முன்னால், வலது கையைப் பின்னால்தான் வைக்க வேண்டும். தடுப்பு, த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டும் விசை), எல்லாமே அந்தப் பிடியை நம்பி வடிவமைக்கப்பட்டவை.

இரண்டாவது வழி பாதி வேலை செய்தது. ரம்பம் கீழே விழுந்து கிடந்தபோது பிரேக் விழுந்த நிலையில் இருந்ததைப் பையன் பார்த்திருக்கிறான். ஆனால் உறையைக் கழற்றினால் உள்ளே எண்ணெயும் மரத்தூளும் குழைந்து கெட்டியாக அப்பியிருந்தது. பட்டை தேய்ந்து மெலிந்திருந்தது. பிரேக் பிடித்திருக்கிறது, உடனே பிடிக்கவில்லை. செயின் வேகம் குறைந்து சுழன்றபடியே தோளில் இறங்கியிருக்க வேண்டும். முழு வேகத்தில் இறங்கியிருந்தால் காறை எலும்பு மிஞ்சியிருக்காது. அந்த அழுக்குப் பிரேக்கே அவருடைய கையை மிச்சம் வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

பிரேக்கைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. எஞ்சினை ஓட்டி, ரம்பத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, முழு த்ராட்டில் கொடுத்து, கையை எடுக்காமல் மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நின்றதும் த்ராட்டிலை விட்டுவிட வேண்டும். தானியங்கும் வழியைச் சோதிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு அடிக்கட்டைக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் ரம்பத்தைப் பிடித்து, பிரேக்கை விடுவித்த நிலையில், முன்கைப்பிடியில் இருக்கும் கையை மட்டும் விட்டுவிட வேண்டும். பாரின் நுனி கட்டையில் மோதும்போது தடுப்பு தானே விழ வேண்டும். விழாவிட்டால் அன்று அந்த ரம்பத்தை எடுக்கக் கூடாது. இன்னொரு சோதனையும் கூடவே முடிந்துவிடும்: த்ராட்டிலை விட்ட நிலையில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது, செயின் அசையக் கூடாது. அசைந்தால் ஐடிலை (அந்த மெதுவான ஓட்டத்தின் வேகத்தை) குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்சைப் பார்க்க வேண்டும்.

மழுங்கின செயின் என்ன செய்தது

கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும். அறுப்பவர் ரம்பத்தின் எடையைத் தாங்கி வழிகாட்டினால் போதும். மழுங்கினால் ஆள் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளும்போது மூன்று விஷயம் சேர்ந்தே நடக்கும். உடம்பு முன்னே சாய்ந்து, பார் இருக்கும் கோட்டுக்கு நேர் பின்னால் தலை வந்துவிடும். வெட்டு முடியும் இடத்தில் ரம்பம் திடீரென்று முன்னே பாயும். மூன்றாவது களைப்பு, கைகள் நடுங்க ஆரம்பித்து, பிடி தளரும்.

கிளையில் இருந்த வெட்டுத் தடத்தைப் பார்த்தால் இது அப்படியே தெரிகிறது. பாரின் நடுப்பகுதியால் அறுத்திருக்க வேண்டிய கிளையை, தள்ளித் தள்ளி, நுனி ஒரு சாண் தாண்டி மறுபக்கம் போகும்படி அறுத்திருக்கிறார். தடம் ஒரு பக்கமாக வளைந்தும் இருந்தது. வலப்பக்கப் பற்களும் இடப்பக்கப் பற்களும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் வெட்டு இப்படிக் கோணலாகப் போகும். அவசரத்தில் கூராக்கியபோது கைக்கு வசதியான பக்கத்தில் அரம் நன்றாகப் பட்டிருக்கிறது, மறுபக்கத்தில் படவில்லை.

கூராக்குவது பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செயின்சா வைத்திருக்கும் பெரும்பாலானோர் இதை வேலைக்கு நடுவே வரும் தொந்தரவாகவே பார்க்கிறார்கள். செயினின் அளவுக்கு ஏற்ற விட்டமுள்ள அரம் வேண்டும். இவருடைய .325 அங்குல (கண்ணிகளின் இடைவெளியைக் குறிக்கும் அளவு) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். பாரின் மேல் இருக்கும் செயினை இறுக்கமாக நிறுத்தி, பல்லின் உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் மட்டும் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரம் பல்லில் படக் கூடாது. கோணம் பல்லின் மேலேயே கோடாகப் பொறிக்கப்பட்டிருக்கும், பொதுவாக 25 அல்லது 30 டிகிரி. மிகவும் தேய்ந்த பல்லை முதலில் செய்து, எத்தனை இழுப்பு என்று எண்ணி, மற்ற எல்லாப் பல்லுக்கும் அதே நீளத்தைக் கொண்டுவர வேண்டும். மண்ணிலோ கல்லிலோ ஆணியிலோ ஒரு முறை பட்ட செயினுக்கு நாலு இழுப்பு போதாது. சிதைந்த ஓரம் முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். அதனால் கூர் செய்த ஒரு உபரிச் செயினைக் கையோடு எடுத்துப்போவது புத்திசாலித்தனம். மாற்ற ஐந்து நிமிடம்.

பெட்ரோல் டேங்க் காலியாகும் நேரத்தையே இதற்கான மணியாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எஞ்சின் கொஞ்சம் ஆற வேண்டும். அந்த நேரத்தில் பல்லைப் பார்ப்பது, செயின் தொங்குகிறதா என்று பார்ப்பது, எண்ணெய் ஊற்றுவது, தண்ணீர் குடிப்பது. நிரப்பிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போய்ச் செய்ய வேண்டும்.

கவ்விக்கொண்ட அடிமரம்

அன்று காலை அடிமரத்தில் பார் மாட்டியது வேறொரு சம்பவம் போலத் தெரியும். எனக்கு அதுதான் தொடக்கம். அது மாட்டாமல் இருந்திருந்தால் அரை மணி நேரம் போயிருக்காது, அவசரம் வந்திருக்காது, வேறு இடத்தில் வெட்டி மண்ணில் பாய்ந்திருக்காது.

விழுந்த மரம் எங்கேயும் சும்மா கிடப்பதில்லை. தன் எடையாலோ மற்ற கிளைகளாலோ வளைக்கப்பட்டு, நாணேற்றிய வில்லாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மரநார்கள் இழுபட்டு நிற்கும், எதிர்ப்பக்கம் அமுங்கி நிற்கும். அமுங்கிய பக்கத்தில் ஆழமாக வெட்டினால் வாய் மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். இழுபட்ட பக்கத்தில் எடுத்த எடுப்பில் வெட்டினால் மரம் படாரென்று பிளந்து தெறிக்கும். இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடு அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால் தலைகீழ்: மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் அமுங்கும். முறை இரண்டுக்கும் ஒன்றே. முதலில் அமுங்கிய பக்கத்தில் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து மெதுவாக வந்து சந்திக்க வேண்டும். பெரிய மரமாக இருந்தால் வெட்டு வாயில் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைச் செருகிக்கொண்டால் மூடாது. இரும்பு ஆப்பு கூடாது, செயின் பட்டால் இரண்டும் கெட்டது.

இவர் மேலிருந்து பாதிக்கு மேல் போனார். மேலே மூன்றில் ஒன்று வெட்டிவிட்டு, கீழிருந்து பாரின் மேல்விளிம்பால் அறுத்து முடித்திருக்க வேண்டும். கீழிருந்து அறுக்கும்போது ரம்பம் நம்மை நோக்கித் தள்ளும் என்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். பின்கைப்பிடியைத் தொடையோடு சேர்த்து அணைத்து, நுனியை மரத்துக்கு வெளியே வைத்து நின்றால் அது பழகிவிடும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அடிமரத்தை அறுத்து எடை நீங்கியதும் மண்ணோடு பெயர்ந்த வேர்ப்பகுதி திரும்ப எழுந்து குழிக்குள் உட்காரப் பார்க்கும். அந்தக் குழிப் பக்கம் ஆள், குழந்தை, நாய் எதுவும் இருக்கக் கூடாது. இவர்களுடைய மரம் நடுவில் முறிந்தது என்பதால் அந்த ஆபத்து அன்று வரவில்லை.

நின்ற இடம்

வெட்டுத் தடத்தையும் தோள் காயத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவர் பாரின் கோட்டுக்கு நேர் பின்னால் நின்றது நிச்சயம். ரம்பத்தை உடம்பின் வலப்பக்கமாக வைத்து, தானே சற்று இடது பக்கம் விலகி, இடது முழங்கையை நேராக நீட்டிப் பூட்டி நின்றிருந்தால், எகிறிய பார் தோளுக்கு வலப்பக்கக் காற்றில் போக வாய்ப்பு அதிகம். நீட்டிய கை எகிறும் தூரத்தையும் குறைக்கும். இவர் முழங்கையை மடக்கி, தள்ளுவதற்கு வசதியாக மார்போடு ஒட்டி நின்றார். தோள் உயரத்துக்கு மேல் அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் ஆபத்தாவது இதே கணக்கில்தான்: அங்கே விலகவும் இடமில்லை, ஊன்றவும் இடமில்லை.

கிளை கழிக்கும்போது நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் த்ராட்டில் கொடுக்கக் கூடாது. இலை மறைத்தால் முதலில் அரிவாளாலோ கையாலோ சிறு கிளைகளை விலக்கிவிட்டுத்தான் பெரியதைத் தொட வேண்டும். இது சோம்பலில் விட்டுப்போகிற வேலை. இவர்களிடம் அரிவாள் இருந்தது, வண்டியில்.

அணிந்திருக்க வேண்டியது

செயின்சா பேன்ட்டின் உள்ளே நீண்ட நார் அடுக்குகள் இருக்கும். செயின் துணியைக் கிழித்ததும் அந்த நார்கள் இழுபட்டு வெளியே வந்து, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். எந்த வேகம்வரை தாக்குப்பிடிக்கும் என்று தரம் பிரித்திருக்கிறார்கள்: முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர், இரண்டாவது 24, மூன்றாவது 28. இது ரம்பத்தைத் தடுக்கும் கவசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காயத்தின் ஆழத்தைக் குறைக்கிற வாய்ப்பு, அவ்வளவே. மின்சார, பேட்டரி ரம்பங்களில் மோட்டாரின் முறுக்குவிசை விடாமல் இழுப்பதால் இந்த நார் அதே அளவு உதவும் என்று எண்ணக் கூடாது.

அந்தப் பேன்ட் இவருடைய தோளைக் காப்பாற்றியிருக்காது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். செயின்சா காயங்களில் காலும் இடது கையும் அடிக்கடி வருவதால் கால் கவசம் முதலில் வாங்க வேண்டியது என்பதில் மாற்றமில்லை. தோளிலும் கையிலும் அதே நார் வைத்த மேல்சட்டைகளும் கிடைக்கின்றன. தலைக்கவசம், அதோடு வலை முகத்தடுப்பு, காது மூடி மூன்றும் ஒரே செட்டாக வரும். இந்த நிகழ்வில் பார் ஒரு கை அகலம் வலப்பக்கம் வந்திருந்தால் கழுத்து. அதற்கு எந்த உடையும் கிடையாது.

வெட்டுப்பட்ட பிறகு

இந்த நிகழ்வில் சரியாக நடந்த பகுதி இது. பையனுக்கு வயது 19. முன்பு ஒரு முதலுதவிப் பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறான். செயின் கத்தியைப் போலக் கீறாது. 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சதையையே பிய்த்து எடுத்துவிடும், கூடவே எண்ணெயையும் தூளையும் உள்ளே தள்ளும். பார்க்கவே பயமாக இருக்கும். அவன் மாமாவைப் படுக்கவைத்து, தன் சட்டையைக் கழற்றி மடித்து, காயத்துக்குள் திணித்து, இரண்டு கையாலும் முழு எடையோடு அழுத்தினான். நனைந்தபோது எடுத்துப் பார்க்கவில்லை, அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தினான். போனை ஸ்பீக்கரில் போட்டு ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னான்.

தோளில் இறுக்குப்பட்டை கட்ட இடமில்லை. அழுத்தமும் திணிப்பும்தான் வழி. கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் விட்டு, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களே இருக்கும். அதனால் முதலுதவிப் பை வண்டியில் இருந்து பயனில்லை, ரம்பம் பிடிப்பவரின் இடுப்பிலேயே இருக்க வேண்டும்.

அவன் நின்றது இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில். அது தவறான தூரம். எகிறிய ரம்பமோ தெறித்த கிளையோ அவனையும் எடுத்திருக்கலாம். கிளை கழிக்கும்போது துணை ஆள் 10 மீட்டராவது தள்ளி, அறுப்பவரின் கண் படும் இடத்தில் நிற்க வேண்டும். நின்றிருக்கும் மரத்தைச் சாய்க்கும்போது மரத்தின் உயரத்தில் இரண்டு மடங்கு. ஆனால் அவன் அங்கே இல்லாமலே இருந்திருந்தால் இந்த ஆய்வை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். தனியாக அறுக்கக் கூடாது என்பதும், துணை ஆள் ஒட்டி நிற்கக் கூடாது என்பதும் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டிய விதிகள். கத்துவது பயன்படாது என்பதால், கையை உயர்த்தினால் த்ராட்டிலை விட்டு பிரேக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று வேலைக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது

மீதி மரத்தைப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து எடுத்தார். அவர் முதல் அரை மணி நேரம் ரம்பத்தை ஸ்டார்ட் செய்யவே இல்லை. மரத்தைச் சுற்றி வந்து, எது எதைத் தாங்குகிறது என்று பார்த்து, சிறு கிளைகளை அரிவாளால் கழித்து, கால் வைக்க இடம் செய்துகொண்டார். அந்த இரண்டாவது கிளையை அவர் முதலிலேயே எடுத்துவிட்டார்.

காயம்பட்டவரின் ரம்பத்துக்குப் புது பிரேக் பட்டை போட்டாயிற்று. அந்தச் செயினைத் தூக்கி எறியச் சொன்னேன். ரேக்கர் இவ்வளவு இறங்கிய பிறகு அதைச் சரிசெய்ய எல்லாப் பல்லையும் மிக அதிகமாகத் தேய்க்க வேண்டும், பல்லில் அவ்வளவு மிச்சம் இல்லை. நுனி சிறுத்த பாரும், எகிறலைக் குறைக்கும் வகைச் செயினும் வாங்கியிருக்கிறார்.

மறுபடி ரம்பம் பிடிக்கலாமா என்று கேட்டார். தையல் பிரித்து, பிசியோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. இடது கையை இன்னும் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. மருத்துவர் அனுமதித்த பிறகு, எஞ்சின் ஓடாத ரம்பத்தை இடது கையை நேராக நீட்டிப் பூட்டி, கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்து, நடுங்காமல் நிறுத்த முடிகிறதா என்று என் எதிரில் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ரம்பம் பையனிடம் இருக்கட்டும் என்றேன். அவனும் பயிற்சியில் சேர்ந்துவிட்டு வருகிறேன், அதற்கு முன்னால் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.